சிங்க்குக்கு அடியில் ஒரு சரித்திரம்

சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கிற கதவைத் திறந்து பாருங்க. குப்பைக்கூடை, பாத்திரம் தேய்க்கிற நார், சுருட்டி வெச்ச பிளாஸ்டிக் பைகள், எப்பவோ வாங்கின கரப்பான் மருந்து. இதுக்கெல்லாம் நடுவுல, வசதி இருந்தா, ஒரு தண்ணி ஃபில்டர் தொங்கிக்கிட்டிருக்கும். வரிசையா மூணு நாலு வெள்ளைக் குழல்கள், கொஞ்சம் ட்யூப், ஒரு சின்ன டாங்க். மாட்டின நாளுக்கு அப்புறம் அந்தக் கதவை ஃபில்டருக்காகத் திறக்கிறவங்க ரொம்பக் கம்மி.

"எந்த ஃபில்டர் வாங்கலாம்?"னு கேட்டா ஆளாளுக்கு ஒரு பிராண்டு சொல்லுவாங்க. நான் பிராண்டு சொல்லப் போறதில்லை. அந்தக் குழல்கள் ஒவ்வொண்ணும் எந்த ஊர்ல, எதுக்குப் பயந்து பொறந்ததுன்னு சொல்லப் போறேன். அது தெரிஞ்சா எது வேணும், எது வேண்டாம், எதை எப்போ மாத்தணும்னு தானா விளங்கும்ங்கிறது என் கட்சி. கொஞ்சம் நீளமான விஷயம். ஒரு சொம்பு தண்ணி பக்கத்துல வெச்சுக்குங்க :-)

தெளிஞ்சா போதும்னு இருந்த காலம்

நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம். ஆத்துல புதுத் தண்ணி வந்தா செம்மண் கரைச்ச மாதிரி இருக்கும். பானையோட உள்பக்கத்துல தேற்றாங்கொட்டையைத் தேய்ச்சு விட்டு ராத்திரி மூடி வெச்சா, காலையில வண்டல் அடியில படிஞ்சு மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். இது பாட்டி வைத்தியம்னு தள்ளிவிடற சமாச்சாரம் இல்லை. இந்தக் கொட்டையால கலங்கின தண்ணி தெளியறதை கலித்தொகையிலேயே உவமையாச் சொல்லியிருக்காங்க. அப்படீன்னா அந்தக் காலத்திலேயே இது எல்லாருக்கும் தெரிஞ்ச வீட்டு வேலை. தெரியாத விஷயத்தை யாரும் உவமையா வைக்க மாட்டாங்க இல்லையா?

இதுக்குப் பின்னாடி இருக்கிறது எளிமையான விஷயம்தான். களிமண் துகள் ரொம்பச் சின்னது, தானா அடியில இறங்காது. கொட்டையில இருந்து கரையற பசை அந்தத் துகள்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கும். கட்டியானதும் கனம் ஏறி இறங்கிடும். படிகாரம் செய்யறதும் இதே வேலைதான். இன்னிக்கும் பெரிய பெரிய குடிநீர் நிலையங்கள்ல முதல் கட்டம் இதுதான்.

உங்க ஃபில்டர்ல இருக்கிற முதல் குழல், அதாவது வெள்ளையா நூல் சுத்தின மாதிரியோ பஞ்சு மாதிரியோ இருக்கிறது, தேற்றாங்கொட்டைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மண், துரு, தூசி, அவ்வளவுதான் அதோட எதிரி. கிருமியை அது கண்டுக்காது.

தெளிஞ்ச தண்ணி கொன்ன கதை

தெளிவா இருந்தா நல்ல தண்ணிங்கிற நம்பிக்கையை உடைச்சது லண்டன்ல, சோஹோங்கிற பேட்டையில. 1854 ஆகஸ்ட் கடைசியில அங்கே காலரா வெடிச்சது. சில வாரத்துல 600 பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஜான் ஸ்னோங்கிற டாக்டர் வீடு வீடா விசாரிச்சு, பிராட் தெருவுல இருந்த கைப்பம்புதான் காரணம்னு சொன்னார். செப்டம்பர் 8ஆம் தேதி பம்போட கைப்பிடியைக் கழட்டினாங்க. இவ்வளவும் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

அதுல எனக்கு மனசுல நிக்கிறது வேற ஒரு ஆள். ஸ்னோவோட குறிப்புல வர்ற ஒரு விதவை, ஈலி அம்மா. அவங்க சோஹோவுல குடியிருக்கலை. பல மைல் தள்ளி, மேட்டுல, நல்ல காத்தோட்டமான ஹாம்ப்ஸ்டெட்ல இருந்தாங்க. அங்கே காலராவே இல்லை. ஆனா முன்னே பிராட் தெருவுல இருந்தவங்க. அந்தப் பம்புத் தண்ணியோட ருசி பிடிச்சுப்போய், தினமும் வண்டியில ஒரு பாட்டில் வரவழைச்சுக் குடிச்சிட்டிருந்தாங்க. செப்டம்பர் 2ஆம் தேதி போயிட்டாங்க. வந்துட்டுப் போன உறவுக்காரப் பொண்ணும் அதே தண்ணியைக் குடிச்சுட்டு ஊருக்குப் போய்ச் செத்தா.

ருசிக்காகத் தேடி வரவழைச்ச தண்ணி! ஸ்னோவே முதல்ல அந்தத் தண்ணியைப் பார்த்தப்போ பெரிசா அழுக்கு ஒண்ணும் தெரியாம தயங்கினாராம். "எங்க கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்"னு யாராவது சொன்னா எனக்கு இந்த ஈலி அம்மா ஞாபகம்தான் வருது.

கரியும் கல்லும்

லண்டன்காரங்களுக்குத் தண்ணி மேல சந்தேகம் முன்னாடியே இருந்துச்சு. தேம்ஸ் ஆத்துலதான் ஊர் சாக்கடையும் விழுந்தது, குடிக்கத் தண்ணியும் எடுத்தாங்க. 1829-ல் செல்ஸீ தண்ணீர் கம்பெனியில ஜேம்ஸ் ஸிம்ப்ஸன் மணல் வடிகட்டித் தொட்டி கட்டினார். வீட்டு மூலையில வைக்கிறதுக்குப் பீங்கான் ஜாடி மாதிரி ஃபில்டர்களை டால்டன் கம்பெனி செஞ்சு வித்தது. (1835-ல் விக்டோரியா ராணி இந்த ஃபில்டருக்கு ஆர்டர் குடுத்தாங்கன்னு நிறைய இடத்துல போட்டிருக்கும். அம்மா ராணி ஆனதே 1837-லதான். விளம்பரக்காரங்க அன்னிக்கும் இன்னிக்கும் ஒரே மாதிரிதான்.)

இந்த ஜாடிகள் பலதுக்குள்ள இருந்தது கரி. கரி வாசனையை எடுக்கும், நிறத்தை எடுக்கும், தண்ணி ருசியாகும். ஜனங்களுக்குப் பரம திருப்தி. 1885-ல் பெர்ஸி ஃப்ராங்க்லாண்ட்ங்கிற வேதியியல்காரர் இதைச் சோதிச்சுப் பார்த்தார். அப்போதான் ஜெர்மனியில ராபர்ட் கோக் ஜெலட்டின் மேல கிருமியை வளர்த்து எண்ணற முறையைக் கண்டுபிடிச்சிருந்தார். அதை வெச்சு எண்ணினா, புது எலும்புக்கரி கிருமியை அருமையாப் பிடிக்குது. அதே கரியில ஒரு மாசம் விடாம தண்ணி ஓடின பிறகு எண்ணினா? உள்ளே போனதை விட வெளியே வர்ற தண்ணியில கிருமி அதிகம்! பிடிச்சு வெச்ச அழுக்கையே தின்னுட்டு கரிக்குள்ள குடும்பம் நடத்தியிருக்கு.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிங்க. அந்த ஒரு மாசத்துல ஜாடியோட தோற்றம் மாறலை, தண்ணியோட தெளிவு மாறலை, ருசி மாறலை. காவல்காரன் மட்டும் கட்சி மாறிட்டான். ஃபில்டர் பராமரிப்பைப் பத்தி நூறு பக்கம் எழுதினாலும் இந்த ஒரு சோதனைக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை.

இன்னிக்கு உங்க ரெண்டாவது குழல்ல இருக்கிறதும் கரிதான். ஆனா எலும்புக்கரி இல்லை, பெரும்பாலும் கொட்டாங்கச்சிக் கரி. சூடான நீராவி செலுத்தி நுண்துளைகளை அதிகமாக்கின கரி. இதுக்கு மவுசு வந்தது முதல் உலகப் போர்ல. 1915-ல் பெல்ஜியத்துல ஈப்ரே பக்கத்துல ஜெர்மன்காரங்க குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு, முகமூடிக்குள்ள போட நல்ல கரி தேவைப்பட்டது. 1918-ல் அமெரிக்காவுல பீச் பழக்கொட்டையையும் கொட்டாங்கச்சியையும் ஊர் ஊராச் சேகரிச்சாங்க. இப்போ இலங்கையிலயும் தென்னிந்தியாவுலயும் கொட்டாங்கச்சியைக் கரியாக்கி உலகத்துக்கே ஏத்துமதி பண்றாங்க. நாம துவையலுக்குத் துருவிட்டு எறியற ஓடு!

வெடிமருந்து மண்ணுல ஒரு மெழுகுவர்த்தி

கிருமிதான் எதிரின்னு தெரிஞ்ச பிறகு, அதைத் தடுக்கற சல்லடை வேணும்னு இறங்கினவர் பாரிஸ்ல பாஸ்டரோட சீடர் சார்லஸ் சேம்பர்லேண்ட். 1884-ல் மெருகு போடாத பீங்கான்ல குழல் செஞ்சார். தண்ணி கசியும், பாக்டீரியா கசியாது. 1894-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அன்னிக்குக் கடையில வித்த வீட்டு ஃபில்டர்களை வாங்கிச் சோதிக்க ஏற்பாடு பண்ணினாங்க. பெரும்பாலானது ஃபெயில். தாக்குப்பிடிச்சது சேம்பர்லேண்ட் குழல்.

ஜெர்மனியில வில்ஹெல்ம் பெர்க்கெஃபெல்ட் வேற வழியில போனார். அவருக்கு ஹனோவர் பக்கம் ஒரு சுரங்கம் இருந்தது. அதுல கிடைச்ச வெள்ளை மண் கடல்பாசி மாதிரியான நுண்ணுயிர்களோட ஓடுகள் படிஞ்சு உண்டானது. ஆல்ஃப்ரெட் நோபல் 1867-ல் டைனமைட் செஞ்சது இந்த ஜாதி மண்ணுல நைட்ரோகிளிசரினை ஊற வெச்சுத்தான். ஓட்டைகள் நிறைஞ்ச மண். அதையே சுட்டு மெழுகுவர்த்தி வடிவத்துல ஃபில்டராக்கினார் பெர்க்கெஃபெல்ட்.

1892-ல் ஹாம்பர்க்ல காலரா. எல்பே ஆத்துத் தண்ணியை வடிகட்டாமலே ஊருக்குக் குடுத்துட்டிருந்தாங்க. 8,600 பேர் இறந்தாங்க. ஒட்டியே இருக்கிற ஊர் அல்டோனா. அதே ஆறு, அதுவும் ஹாம்பர்க்கோட சாக்கடை கலந்த பிறகு எடுக்கற தண்ணி. ஆனா அவங்க மணல்ல வடிகட்டிக் குடுத்தாங்க. அங்கே சாவு ரொம்பக் கம்மி. தண்ணி எங்கிருந்து வருதுங்கிறதை விட, வழியில அதுக்கு என்ன செய்யறோம்ங்கிறதுதான் முக்கியம்னு அன்னிக்குக் கண்கூடாத் தெரிஞ்சது. அடுத்த வருஷமே ஹாம்பர்க்கும் மணல் தொட்டி கட்டிடுச்சு.

நம்ம சென்னையும் அதே வரிசையிலதான் வருது. 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணியைத் திறந்த வாய்க்கால் வழியா கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தாங்க. வடிகட்டற வேலையெல்லாம் கிடையாது. 1914-லதான் கீழ்ப்பாக்கத்துல மணல் தொட்டிகள் வேலைக்கு வந்துச்சு. அந்தத் திட்டத்தோட எஞ்சினியர் ஜே.டபிள்யூ. மேட்லி. தி.நகர்ல மேட்லி ரோடு, மேட்லி சப்வேன்னு சொல்றோமே, அவரேதான். மழை பெஞ்சா முழங்கால் தண்ணி நிக்கிற சப்வேக்கு குடிதண்ணிக்காரரோட பேரு!

எழுபது எண்பதுகள்ல நம்ம வீட்டு மேடையில ரெண்டு அடுக்கு எவர்சில்வர் ஃபில்டர் இருந்துச்சே, உள்ளே ரெண்டு வெள்ளை கேண்டில் நிக்குமே, அது பெர்க்கெஃபெல்ட் வம்சம். வாரம் ஒரு தடவை பழைய பிரஷ்ஷால கேண்டிலைத் தேய்ச்சுக் கழுவினது ஞாபகம் இருக்கும். சோப்பு போடக்கூடாது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கேண்டில் இளைக்கும், மயிரிழை விரிசல் விட்டா அவ்வளவுதான். ஆனா அதுல ஒரு பெரிய நல்ல விஷயம் உண்டு. அடைச்சுக்கிட்டா தண்ணி சொட்டாது. தன்னோட நோயைத் தானே சொல்ற ஃபில்டர்.

சல்லடையில தப்பிச்சவன்

1892-ல், அதே ஹாம்பர்க் காலரா வருஷம், ரஷ்யாவுல இவானோவ்ஸ்கி நோய் பிடிச்ச புகையிலை இலையோட சாறை சேம்பர்லேண்ட் குழல்ல வடிகட்டினார். வடிகட்டின சாறு பட்ட செடிக்கும் நோய் வந்துச்சு. பாக்டீரியா தாண்ட முடியாத சல்லடையைத் தாண்டின ஏதோ ஒண்ணு. வைரஸ்ங்கிற உலகமே இந்தக் குடிதண்ணி ஃபில்டரோட தோல்வியில இருந்துதான் நமக்குத் தெரிய வந்தது.

இதோட விலையை டெல்லி குடுத்தது. 1955 நவம்பர்ல வெள்ளம் வந்து, யமுனையில தண்ணி எடுக்கற இடத்துல சாக்கடை எதிர்த்து ஏறிடுச்சு. குடிநீர் நிலையத்துல படிகாரமும் குளோரினும் கூடுதலாப் போட்டாங்க. டைஃபாய்டு தலைகாட்டலை, பாக்டீரியாவைச் சமாளிச்சுட்டாங்க. ஆனா டிசம்பர், ஜனவரியில சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. பல வருஷம் கழிச்சுத்தான் அது ஹெபடைடிஸ் ஈ வைரஸ்னு தெரிஞ்சது. கர்ப்பிணிகளை அதிகமாத் தாக்கற காமாலை.

இந்த இடத்துல வர்றதுதான் யூ.வி. விளக்கு. 1877-லேயே சூரிய ஒளி பாக்டீரியாவைக் கொல்லும்னு இங்கிலாந்துல கண்டுபிடிச்சாங்க. 1910-ல் ஃப்ரான்ஸ்ல மார்சேய் நகரத்துல குடிதண்ணிக்கு புற ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தாங்க. நம்ம ஊர் வீடுகளுக்கு எண்பதுகள்ல வந்துச்சு. டை கட்டின பையன் சைக்கிள்ல வந்து டெமோ காட்டுவாரே, அதேதான்.

யூ.வி. நல்ல சாமான். பாக்டீரியா, வைரஸ் ரெண்டையும் முடக்கும். தண்ணியோட ருசியை மாத்தாது, ஒரு சொட்டு வீணாக்காது. ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, தண்ணி தெளிவா இருக்கணும், கலங்கல்ல கிருமி நிழல்ல ஒளிஞ்சுக்கும். ரெண்டு, விளக்கு வயசாகும். நீலமா எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஆனா கொல்ற கதிர் மங்கிப் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியற நீலத்துக்கும் கிருமியைக் கொல்ற கதிருக்கும் சம்பந்தம் இல்லை. ஃப்ராங்க்லாண்டோட கரி மாதிரியே, இதுவும் சத்தம் போடாம கட்சி மாறற ஜாதி.

எங்க குடியிருப்புல ஒரு மழைக்காலம் மூணு வீட்டுப் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு. மூணு வீட்டிலும் ஃபில்டர் இருந்தது. கீழ் சம்ப்புல ஒரு விரிசல், பக்கத்துலயே சாக்கடைக் குழி. ஒரு வீட்டுல யூ.வி. விளக்கு எரியவே இல்லை, வெளியே இருக்கிற பச்சை லைட் மட்டும் எரிஞ்சுது. இன்னொரு வீட்டுல ஃபில்டர் பழுதில்லை. ஆனா பிள்ளை பல் விளக்கினது, வாய் கொப்பளிச்சது எல்லாம் பாத்ரூம் குழாய்த் தண்ணியில. சிங்க்குக்கு அடியில இருக்கிற ஃபில்டர் ஒரே ஒரு குழாயைத்தான் காப்பாத்தும்! அந்தப் பிள்ளைக்கு மூணு மாசம் பள்ளிக்கூடம் போச்சு. சம்ப்பைச் சரி பண்ண அத்தனை வீட்டுக்காரங்களும் சேர்ந்து போட்ட பணம், ஒரு வீட்டு ஃபில்டர் விலை கூட ஆகலை.

சௌரிராஜனும் கோலிங்காவும்

இப்போ கடைசிக் குழல். ஆர்.ஓ.

1748-ல் ஃப்ரான்ஸ்ல நொல்லேங்கிற பாதிரியார் ஒயின் சாராயம் நிரப்பின ஜாடியோட வாயைப் பன்றியின் சவ்வால கட்டித் தண்ணிக்குள்ள வெச்சார். தண்ணி சவ்வு வழியா உள்ளே போய் சவ்வு உப்பிடுச்சு. இதுதான் சவ்வூடு பரவல். அதைத் தலைகீழாத் திருப்பினா, அதாவது உப்புத் தண்ணிப் பக்கம் அழுத்தம் குடுத்தா, நல்ல தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போகணும். தத்துவம் சரி. ஐம்பதுகள்ல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல ரீட், ப்ரெடன்னு ரெண்டு பேர் செல்லுலோஸ் அசிடேட் சவ்வு உப்பைத் தடுக்கும்னு காட்டினாங்க. ஆனா தண்ணி சொட்டு சொட்டாத்தான் வந்தது.

அதைக் குடிக்கற அளவுக்கு ஓட வெச்சவங்க லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஸிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன். (சௌரிராஜன்னு பேரைப் பார்த்ததும் திருக்கண்ணபுரம் பெருமாள் ஞாபகம் வந்தா நீங்க நம்ம கட்சி.) சவ்வைச் சூடாக்கிச் சோதிச்சப்போ ஒரு வினோதம். ஒரு பக்கமா வெச்சா அருமையா வேலை செய்யுது, திருப்பி வெச்சா செய்யலை. அப்போதான் புரிஞ்சது, ரெண்டு பக்கமும் ஒண்ணு இல்லைன்னு. உப்பைத் தடுக்கறது மேல இருக்கிற மெல்லிய தோல், மத்ததெல்லாம் தாங்கிப் பிடிக்கிற நுரை மாதிரி ஒரு படுகை. தோல் மெலிஞ்சா தண்ணி ஓட்டம் கூடும். 1960 வாக்குல இதை உலகத்துக்குச் சொன்னாங்க. சௌரிராஜன் பிறகு கனடாவுல ஒட்டாவா தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துல பல வருஷம் இதே வேலையைத் தொடர்ந்தார்.

1965-ல் கலிஃபோர்னியாவுல கோலிங்காங்கிற எண்ணெய்க் கிணத்து ஊர்ல முதல் ஆர்.ஓ. நிலையம் ஊருக்குத் தண்ணி குடுத்தது. அந்த ஊர் நிலத்தடித் தண்ணி வாயில வைக்க முடியாது. ஒரு காலத்துல குடிக்கற தண்ணி ரயில்ல வந்த ஊரு. வீடுகள்ல குடிதண்ணிக்குன்னு தனிக் குழாய் போட்டிருந்தாங்க. உங்க சிங்க் மேடையில பெரிய குழாய்க்குப் பக்கத்துல அன்னப்பறவைக் கழுத்து மாதிரி ஒரு சின்னக் குழாய் நிக்குதே, அது கோலிங்காவோட நினைவுச்சின்னம்னு வெச்சுக்கலாம்.

எழுபதுகளோட கடைசியில மினியாபொலிஸ்ல ஜான் கடோட் இன்னும் மெலிசா, பாலிஅமைடுல தோல் செஞ்சார். இன்னிக்கு வீட்டுக்கு வர்ற மெம்பிரேன் பெரும்பாலும் அந்த ஜாதி. அதுக்கு ஒரு பலவீனம், குளோரின் ஆகாது. தோல் அரிச்சுப் போயிடும். அதனாலதான் மெம்பிரேனுக்கு முன்னாடி கரிக் குழல். "கரி எதுக்கு, ருசிக்குத்தானே, அடுத்த தடவை மாத்திக்கலாம்"னு தள்ளிப் போட்டா, விலை கம்மியான குழலைக் காப்பாத்தி விலை அதிகமான குழலைக் காவு குடுக்கறோம். இன்னொண்ணு, கரி குளோரினை எடுத்த பிறகு அந்தத் தண்ணிக்குக் காவல் இல்லை. ஃபில்டருக்குப் பின்னாடி இருக்கிற டாங்க்ல, ட்யூப்ல எது வளர்ந்தாலும் கேக்க ஆள் கிடையாது.

அப்போ எதைத்தான் வாங்கறது?

கதை முடிஞ்சது, கணக்குக்கு வருவோம். முதல் கேள்வி "எந்த ஃபில்டர்?" இல்லை, "எந்தத் தண்ணி?"

ஆர்.ஓ. பொறந்தது உப்புக்காக. உங்க தண்ணியில உப்பு இல்லைன்னா அது உங்களுக்கான மருந்து இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி (2012) டி.டி.எஸ். 500 வரைக்கும் நல்லது, வேற தண்ணி கிடைக்கலைன்னா 2000 வரை அனுமதி. 2019 மே மாசம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500-க்குக் கீழே இருக்கிற இடங்கள்ல ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. காரணம், சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் குடுக்க மூணு லிட்டர் வரைக்கும் வெளியே தள்ளும்.

சென்னையில இதோட உச்சக்கட்ட வேடிக்கை உண்டு. மீஞ்சூர்ல 2010-ல், நெம்மேலியில 2013-ல் கடல் தண்ணியை ஆர்.ஓ. பண்ணற நிலையங்கள் வந்துச்சு. ஊர்ல ஒரு பகுதிக்குக் குழாய்ல வர்றதே அந்தத் தண்ணிதான். அதை வீட்டுல மறுபடி ஆர்.ஓ. பண்ணி, முக்கால் பங்கைச் சாக்கடையில விடறோம்!

அதே சமயம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு. பல்லுல காவி, வயசானா எலும்பு வளைவு. அதுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அந்தத் தண்ணி வராம போர் தண்ணியைக் குடிக்கிற வீட்டுக்கு ஆர்.ஓ. ஆடம்பரம் இல்லை, அவசியம். ஃபுளோரைடு கொதிக்க வெச்சா போகாது (தண்ணி வத்த வத்தக் கூடும்), யூ.வி.க்குப் போகாது, கேண்டிலுக்குப் போகாது.

சுருக்கமா:

1. கலங்கல், துரு மட்டும்னா: பஞ்சுக் குழல் போதும்.
2. குளோரின் வாசனைன்னா: கரி.
3. கிருமி பயம், உப்பு கம்மி (மெட்ரோ வாட்டர், ஆத்துத் தண்ணி): பஞ்சு, கரி, யூ.வி. இல்லைன்னா கொதிக்க வைங்க. கொதிக்கிற தண்ணியில பாக்டீரியாவும் சாகும், வைரஸும் சாகும்.
4. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட்: ஆர்.ஓ.

எது இருக்குன்னு எப்படித் தெரியும்? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்ல ஆய்வகம் இருக்கு. கட்டணம் கட்டி ஒரு பாட்டில் தண்ணி குடுத்தா காகிதத்துல எழுதிக் குடுப்பாங்க. ஃபில்டர் விலையோட ஒப்பிட்டா அது காபிக் காசு.

விக்க வர்றவர் செய்யற ரெண்டு வித்தையைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. ஒண்ணு, ரெண்டு கம்பியை உங்க குழாய்த் தண்ணியில விட்டு மின்சாரம் குடுப்பார். தண்ணி பழுப்பா நுரைச்சு வரும். "பார்த்தீங்களா சார் அழுக்கை!"ம்பார். அது அவரோட இரும்புக் கம்பி கரையற நிறம். உப்பு இருந்தா மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு இல்லை, மின்சாரம் பாயாது, அதனால நிறம் மாறாது. ரெண்டாவது, டி.டி.எஸ். மீட்டரை விட்டு நம்பரைக் காட்டிப் பயமுறுத்தறது. மீட்டர் அளக்கறது உப்பை மட்டும்தான். பிராட் தெருப் பம்புல விட்டிருந்தா காலராக் கிருமியைப் பத்தி அது வாயே திறந்திருக்காது.

மாட்டின பிறகு

1. குழல் மேலயே மார்க்கர்ல தேதி எழுதுங்க. இந்த ஒண்ணைச் செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.
2. பஞ்சு: மூணுல இருந்து ஆறு மாசம். மழைக்காலத்துல, லாரித் தண்ணி வாங்கற வீட்டுல இன்னும் சீக்கிரம். காவி நிறமானா நாள் பார்க்காதீங்க.
3. கரி: ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம். பார்க்க ஒண்ணும் தெரியாது, அதனாலதான் தேதி.
4. யூ.வி. விளக்கு: எரிஞ்சாலும் வருஷத்துக்கு ஒண்ணு.
5. மெம்பிரேன்: ரெண்டு மூணு வருஷம். ஆனா காலண்டரை விட மீட்டரை நம்புங்க. உள்ளே போற தண்ணி 1200, வெளியே 100 இருந்தா நல்லா இருக்கு. அதே தண்ணிக்கு 300 காட்டினா மாத்தற காலம். டி.டி.எஸ். மீட்டருக்கு உருப்படியான உபயோகம் இதுதான்.
6. "ருசி கூட்டற" திருகு ஒண்ணு இருக்கும். அது பல மாடல்ல ஆர்.ஓ.வைச் சுத்திக்கிட்டு வர்ற தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடற வழி. ஃபுளோரைடு ஊர்க்காரங்க அதை முழுசா மூடி வைங்க. இல்லைன்னா எதுக்காக வாங்கினோமோ அதையே திரும்பக் குடிப்போம். மூடிட்டு, அந்தத் திருகைச் சர்வீஸ் ஆள் தொடாம பாத்துக்குங்க.
7. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிச்சு வந்தா, டாங்க்ல நின்ன தண்ணியைக் கீழே விட்டுட்டு, புதுசா ஒரு டாங்க் ரொம்பின பிறகு குடிங்க.
8. வெளியே தள்ற தண்ணியைப் பக்கெட்டுல பிடிச்சா தரை துடைக்க, பாத்திரத்துக்கு முதல் அலசு, கக்கூஸுக்கு ஆகும். செடிக்கு வேண்டாம், உப்பு சேர்ந்து வேரு கருகும்.
9. வாரம் ஒரு தடவை கதவைத் திறந்து ட்யூப் இணைப்புகள்ல கையை வெச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா சர்வீஸ் ஆளுக்குக் காத்திருக்காம தண்ணி வர்ற வால்வை மூடுங்க. ராத்திரி பூரா ஒழுகினா கீழ் வீட்டுக்காரரோட சண்டை நிச்சயம்.

ஜாடிக்குள்ள இருந்த கரி ஒரு மாசத்துல எதிரியானது 1885-லேயே தெரிஞ்ச விஷயம். அதுக்கு அப்புறம் பீங்கான் வந்துச்சு, விளக்கு வந்துச்சு, மெம்பிரேன் வந்துச்சு. வயசாகாத ஃபில்டர் மட்டும் இன்னும் வரலை. நாளைக்குக் காலையில காபிக்குத் தண்ணி பிடிக்கிறதுக்கு முன்னாடி கீழே குனிஞ்சு ஒரு தடவை பாருங்க. எந்தக் குழலை எப்போ மாத்தினீங்கன்னு பார்த்த உடனே சொல்ல முடியலைன்னா, மார்க்கரைத் தேட வேண்டியதுதான்.